குவாட் கூட்டும் வன்னிக் கடலும்: எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் முல்லைத்தீவுப் பிள்ளை ஒருவர் இரண்டு கேள்வி கேட்டிருந்தார். இந்தியா, ஜப்பான், அவுஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நான்கும் கடல்சார் சனநாயக நாடுகள் என்ற பெயரில் பாதுகாப்பிலும் வர்த்தகத்திலும் குவாட் என்ற கூட்டாகக் கைகோர்த்து நிற்கின்றனவே, அதனால் வன்னியில் இருக்கும் எங்களுக்கு ஏதும் நன்மை உண்டா? இலங்கையும் அதில் சேரவேண்டுமா?

முதல் கேள்விக்கு என் பதில்: நன்மைக்கு இடம் இருக்கிறது, ஆனால் அது போர்க்கப்பல் வழியாக வராது. வந்தால் சந்தை வழியாகத்தான் வரும். இப்படி ஏன் சொல்கிறேன் என்பதை விளக்கக் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

இந்தக் கூட்டின் வேர் 2004 டிசம்பர் 26 சுனாமியில் இருக்கிறது. அலை அடித்துச் சில நாட்களுக்குள் இந்த நான்கு நாடுகளும் நிவாரணத்தை ஒருங்கிணைக்க ஒரு குழுவாகச் சேர்ந்தன. ஒரு வாரம் அளவில் அந்த வேலையை ஐ.நா.விடம் கொடுத்துவிட்டுக் கலைந்தன. கலைந்தாலும், தங்கள் நான்கு கடற்படைகளும் சேர்ந்து வேலை செய்யலாம் என்ற அனுபவம் மிஞ்சியது. ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே அதைப் பிடித்துக்கொண்டார். 2007 மே மாதம் மணிலாவில் நான்கு நாட்டு அதிகாரிகளும் சந்தித்தார்கள். அதே வருடம் செப்டம்பரில் வங்காள விரிகுடாவில் மலபார் கடற்பயிற்சி நடந்தபோது சிங்கப்பூரும் வந்து சேர்ந்தது. சீனா எதிர்ப்புச் சொன்னது. 2008இல் அவுஸ்திரேலியா விலகியது, கூட்டும் படுத்துவிட்டது. 2017 நவம்பரில் அதே மணிலாவில் மறுபடி எழுந்தது, 2021 மார்ச்சில் தலைவர்கள் மட்டத்துக்கு உயர்ந்தது.

அந்தச் சுனாமியில் முல்லைத்தீவு நகரம் என்ன ஆனது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கடற்கரையோரம் ஒரு ஊரே வழித்தெடுத்த மாதிரிப் போனது. ஆனால் அப்போது அது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பிரதேசம். நிலைமையைப் பார்க்க இலங்கை வந்த ஐ.நா. செயலாளர் நாயகம் கோபி அனானைக்கூட அந்தப் பக்கம் போக அரசாங்கம் விடவில்லை. நிவாரணத்தைப் பகிர அரசாங்கமும் புலிகளும் 2005 ஜூனில் கையெழுத்திட்ட பொதுக்கட்டமைப்பு உடன்பாட்டின் முக்கிய பகுதிகளை அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. அதாவது எந்த அனர்த்தத்தில் இந்த நாடுகள் ஒன்றாக வேலைசெய்யப் பழகினவோ, அதே அனர்த்தத்தில் வன்னிக்கு வரவேண்டியது வழியில் நின்றுபோனது. வெளிநாட்டு உதவி கொழும்பின் கதவால்தான் உள்ளே வரும். இன்றைக்கும் அதுதான் நிலைமை, இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள்.

குவாட் ஓர் இராணுவக் கூட்டணியா என்று வகுப்பில் கேட்பார்கள். இல்லை. ஒருவரைத் தாக்கினால் மற்றவர் போருக்கு வரவேண்டும் என்ற ஒப்பந்தம் எதுவும் கிடையாது, செயலகமும் கிடையாது. அமெரிக்காவுடன் ஜப்பானுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் தனித்தனிப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் இருக்கின்றன, இந்தியாவுக்கு அப்படி ஒன்று இல்லை. நான்கு தலைநகரங்களின் விருப்பம் ஒத்துப்போகும் வரைதான் இது ஓடும். 2025இல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 வீதம் வரை தீர்வை போட்டது. அந்த வருடம் இந்தியாவில் நடக்கவேண்டிய தலைவர்கள் மாநாடு நடக்கவேயில்லை.

சரி, கடலில் என்ன செய்கிறார்கள்? இங்கேதான் எங்களுக்கு நேரடியாக ஒரு விசயம் இருக்கிறது.

2022 மே மாதம் டோக்கியோவில் கடல்சார் கண்காணிப்புக்கு ஒரு திட்டத்தை அறிவித்தார்கள். பெரிய கப்பல்கள் தம்முடைய பெயரையும் இடத்தையும் விடாமல் ஒலிபரப்பும் ஏஐஎஸ் என்ற கருவியைப் பூட்டியிருக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. களவாக மீன்பிடிப்பவர்களும் கடத்தல்காரர்களும் அதை அணைத்துவிடுவார்கள். அணைத்தாலும் படகின் ரேடாரும் வானொலியும் அலை விடும். அந்த அலையை வர்த்தகச் செய்மதிகள் மேலிருந்து பிடித்துவிடும். அப்படிப் பிடித்த தகவலை வாங்கி, வசதியில்லாத நாடுகளுக்குப் பகிர்வதுதான் திட்டம். இந்து சமுத்திரப் பகுதியில் இது டெல்லிக்குப் பக்கத்தில் குருகிராமில் இருக்கும் தகவல் இணைவு மையத்தோடு தொடுக்கப்பட்டிருக்கிறது. இந்தியக் கடற்படை 2018 டிசம்பரில் தொடங்கிய மையம் அது. பல நாட்டு அதிகாரிகள், இலங்கை அதிகாரி உட்பட, அங்கே அமர்ந்திருக்கிறார்கள்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று நடக்கிறது. இந்தியா 60 இலட்சம் டொலர் கொடையில் கொழும்பில் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் ஒன்றைக் கட்டிக்கொடுத்தது, 2024 ஜூனில் அது இயங்கத் தொடங்கியது. அதன் ஆளில்லாத் தொடர்பு நிலையங்கள் காலி, அறுகம்பை, மட்டக்களப்பு, திருகோணமலை, கல்லாறவ, பருத்தித்துறை ஆகிய இடங்களோடு மன்னார் முள்ளிக்குளத்திலும் இருக்கின்றன. முள்ளிக்குளம் என்றால் உங்களுக்குத் தெரியும். 2007இல் சனம் வெளியேற்றப்பட்டு, கடற்படை முகாமாகி, பத்து வருடம் போராடியும் ஒரு பகுதி நிலம்தான் திரும்பக் கிடைத்த ஊர். கடலில் தவிக்கும் மீனவனைக் காப்பாற்றும் கருவி நல்லது, அதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். அதே கரையில் மீன்பாடு பார்த்த குடும்பங்கள் தங்கள் காணிக்கு இன்னும் மனுக் கொடுத்துக்கொண்டு இருக்கும்போது, பிராந்தியப் பாதுகாப்பு என்ற பேச்சு அந்தச் சனத்தின் காதில் எப்படி விழும் என்பதையும் இந்த நாடுகளின் தூதரகங்கள் யோசிக்கவேண்டும்.

செய்மதி எவ்வளவு பார்க்கும் என்பதற்கு எங்கள் கரையிலேயே சாட்சி இருக்கிறது. 2024 டிசம்பர் 19, வாடைக்காலம். நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்கியா அகதிகளோடு ஒரு படகு முள்ளிவாய்க்காலுக்கு வெளியே வந்து நின்றது, உள்ளே குழந்தைகளும் இருந்தார்கள். முதலில் கண்டது எங்கள் மீனவர்கள்தான். சாப்பாடும் தண்ணீரும் முதலில் கொடுத்ததும் அந்த ஊர்ச் சனம்தான். அப்புறம்தான் கடற்படை வந்து அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோனது. அதற்கு இரண்டு வருடம் முன்னம், 2022 டிசம்பரில், வெற்றிலைக்கேணிக்கு வெளியே 104 பேரோடு இன்னொரு படகு. வங்காள விரிகுடா முழுவதையும் தாண்டி வந்த படகுகள் இவை. இதைக் குறை சொல்ல எழுதவில்லை. கரையோர மீனவனின் கண்ணை எந்தக் கண்காணிப்புத் திட்டமும் கணக்கில் எடுக்கவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். இப்போது தகவல் மேலிருந்து கடற்படைக்குப் போகிறது. கீழே மீனவர் சங்கத்துக்கு ஒன்றும் வருவதில்லை, சங்கம் சொல்வதும் முறையாக மேலே போவதில்லை.

அடுத்தது இழுவைப் படகுப் பிரச்சினை. வன்னிக் கடலுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்புப் பிரச்சினை வேறு இல்லை.

தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி இரவுகளில் எல்லை தாண்டி வருகின்றன. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் அந்த இரவுகளில் வலை போடுவதா விடுவதா என்று படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியும் தொழிலாளியும் கரையில் நின்று பேசுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பின்னேரம் வலையைப் பாய்ச்சிவிட்டு வருவார்கள். விடியப் போனால் மிதவையோடு மேல்கயிறு ஒரு துண்டு மிதந்துகொண்டிருக்கும், மிச்ச வலை இழுவை மடியோடு போயிருக்கும். ஒரு வலைத்தொகுதி போனால் அந்தக் குடும்பம் கடன்பட்டுத்தான் அடுத்ததை வாங்கும். இப்போது பொடியள் கைபேசியில் படகின் இடத்தைக் குறித்து, படமும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தப் படத்தை யாரிடம் கொடுப்பது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

எல்லை 1974இலும் 1976இலும் இரு நாடுகளும் செய்த உடன்படிக்கைகளில் தெளிவாக இருக்கிறது. இலங்கையில், கடலின் அடியை வாரி இழுக்கும் அடிமடி இழுவைத் தொழிலை 2017இல் சட்டம் போட்டுத் தடைசெய்தாயிற்று. 2016 நவம்பரில் இரு நாட்டுக் கூட்டுப் பணிக்குழுவும் அமைத்தாயிற்று. இந்தியா 2017இல் பாக்குநீரிணையின் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் தூண்டில் படகுகளாக மாற்ற 1,600 கோடி ரூபாய் திட்டம் போட்டது. அந்த இலக்கில் சிறு பங்குதான் நடந்தது. ஆழ்கடலில் பல நாள் தங்கிப் பழகாத தொழிலாளர்கள், கடன் சுமை, கரைக்குக் கிட்டவே கிடைக்கும் இறால் வருமானம் என்று காரணங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கத்துத் தொழிலாளியும் ஏழைதான், எங்கள் மொழி பேசுபவர்தான். அதற்காக எங்கள் கடலின் அடித்தளத்தை அள்ளிக்கொண்டு போவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

இதில் குவாட் ஏன் தலையிடாது? அவர்கள் கூட்டறிக்கைகளில் சட்டவிரோத மீன்பிடி என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். மனதில் இருப்பது தூரநாட்டுப் பெரிய மீன்பிடிக் கப்பற்தொகுதிகள், குறிப்பாகச் சீனாவினுடையவை. இங்கே எல்லை தாண்டுவது கூட்டின் உறுப்பு நாட்டுப் படகு. டெல்லி இதை இருதரப்பு விவகாரம், மனிதாபிமான விவகாரம் என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறது. மற்ற மூன்றும் அந்த வகைப்படுத்தலைத் தாண்டி வாய் திறப்பதில்லை. தகவல் இல்லாமல் அல்ல. 2024இல் இந்தியா ஒரு இலட்சம் மீன்பிடிப் படகுகளுக்குச் செய்மதித் தொடர்புக் கருவி பூட்டும் திட்டத்தைத் தொடங்கியது. எந்தப் படகு எங்கே போகிறது என்பது தெரியக்கூடிய காலம் வந்துவிட்டது.

சந்தை என்று முதலில் சொன்னது இதற்காகத்தான். இரண்டு உதாரணம் தருகிறேன்.

2015 தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனைத் தடைசெய்தது. எங்கள் நாட்டு ஆழ்கடல் படகுகள் சர்வதேச விதியை மீறி மீன்பிடிப்பதை அரசாங்கம் கட்டுப்படுத்தவில்லை என்பது காரணம். என்ன நடந்தது? வருடக்கணக்காகப் பேசியும் நடக்காத வேலை சில மாதங்களில் நடந்தது. பலநாட் படகுகளுக்குச் செய்மதிக் கருவி பூட்டினார்கள், சட்டத்தைத் திருத்தினார்கள், 2016இல் தடை நீங்கியது. இரண்டாவது, இந்தியாவின் கடல் இறால். வலையில் கடலாமை தப்பிப்போக வழி வைக்கவில்லை என்பதற்காக 2019 முதல் அமெரிக்கா அதை வாங்குவதை நிறுத்தியது. அதன் பிறகு இந்திய நிறுவனங்கள் ஆமை தப்பும் கருவியை அமெரிக்க நிபுணர்களோடு சேர்ந்து வடிவமைக்க இறங்கின. குவாட்டின் ஒரு நாடு இன்னொரு நாட்டின் வலை எப்படி இருக்கவேண்டும் என்று சந்தையைக் கொண்டு சொல்லியிருக்கிறது, நட்பும் முறியவில்லை. ஆமைக்காகச் செய்யக்கூடியதை, அயல்நாட்டுக் கடலில் அடிமடி இழுத்துப் பிடித்த இறாலுக்கும் செய்யலாம். ஜப்பானும் ஐரோப்பாவும் இந்திய இறாலின் பெரிய வாடிக்கையாளர்கள். "இந்த இறால் எந்தக் கடலில் பிடித்தது?" என்று அவர்கள் ஆதாரம் கேட்டால், படகில் பூட்டிய கருவியே பதில் சொல்லும். ஒரு போர்க்கப்பலும் தேவையில்லை, ஒரு தொழிலாளியையும் சிறையில் போடத் தேவையில்லை. எங்கள் மீனவர் சமாசங்கள் கேட்கவேண்டிய முதல் கோரிக்கை இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சந்தையின் மறுபக்கமும் இருக்கிறது. மன்னார், பூநகரிப் பக்கம் பிடிபடும் நீலக்கால் நண்டுக்கு அமெரிக்கா பெரிய சந்தை. 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதத் தீர்வை என்று அறிவித்தார்கள், ஆகஸ்ட்டில் 20 ஆகக் குறைத்தார்கள். கொழும்பு ஆடைத்தொழிலைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். நண்டுக் கம்பனியில் சதை எடுக்கும் பெண்களின் நாட்கூலியைப் பற்றி நான் ஒரு வரியும் வாசிக்கவில்லை.

முதலீட்டுப் போட்டியும் எங்கள் நிலத்தில்தான் நடக்கிறது. 2021இல் பூநகரிப் பக்கம் கௌதாரிமுனையில் சீனத் தொடர்புள்ள கடலட்டைப் பண்ணை பற்றி மீனவர்கள் கேள்வி எழுப்பினார்கள். 2023இல் இந்தியாவின் அதானி குழுமத்துக்கு மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் காற்றாலைக்கு அனுமதி கொடுத்தார்கள். பறவைகள் வந்துபோகும் பாதை, மழைவெள்ளம் ஓட இடமில்லாமல் போவது, விலை என்று எதிர்ப்புகள் எழுந்தன. 2025 பெப்ரவரியில் அந்தக் குழுமமே விலகிக்கொண்டது. பணம் எந்த நாட்டுடையது என்பதை வைத்துக் கொழும்பு ஊடகங்கள் சண்டை பிடித்தன. ஊரில் கேட்ட கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: எங்களைக் கேட்டுத்தானா செய்தீர்கள்? சனநாயக நாடு என்று பெயர் வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்விக்கு மற்றவர்களைவிட நல்ல பதில் வைத்திருக்கவேண்டும்.

நான்கு நாடுகளும் வன்னியில் ஒரு வேலையை உண்மையாகவே நன்றாகச் செய்திருக்கின்றன: கண்ணிவெடி அகற்றல். ஜப்பான், அமெரிக்கா, அவுஸ்திரேலியா பணம் கொடுத்தன, இந்தியாவிலிருந்து அகற்றும் அணிகளே வந்தன. முகமாலையில் முகக்கவசத்தோடு முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறிய பெண்களில் பலர் இந்த மண்ணின் பிள்ளைகள், போரில் குடும்பத்தைத் தோள்மேல் ஏற்றவேண்டி வந்தவர்கள். அவர்கள் துப்புரவாக்கிய நிலத்தில் இன்று தென்னை நிற்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தபோது இந்தப் பணமும் அதில் அகப்பட்டது. ஒரு நாடு கையை எடுக்கும்போது மற்ற மூன்றும் அந்த இடத்தை நிரப்ப ஏற்பாடு செய்வதுதானே கூட்டு?

பாதுகாப்பு யாருக்கு என்ற கேள்வியும் இருக்கிறது. 2014இல் அவுஸ்திரேலியா இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துப் படகுகள் கொடுத்தது, அடைக்கலம் தேடிப் போகும் படகுகளை மறிப்பதற்காக. அந்தப் படகுகளில் ஏறியவர்களில் எங்கள் ஊர்ச் சனமும் இருந்தது. ஐ.நா. மனித உரிமைப் பேரவையிலும் இந்த நாடுகள் ஒரே குரலில் நின்றதில்லை. 2013இல் இலங்கை பற்றி அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது, ஜப்பான் விலகி நின்றது. 2014இல் இந்தியாவும் விலகி நின்றது. 2021இல் இரண்டும் மறுபடி விலகி நின்றன. ஆகவே குவாட் என்ற பெயரில் நீதி வரும் என்று யாராவது மேடையில் சொன்னால் நம்பவேண்டாம். அந்த வேலைக்கு அது கட்டப்படவில்லை, தனித்தனியாக ஒவ்வொரு தலைநகரத்தோடும்தான் பேசவேண்டும்.

அனர்த்தத்தில் மட்டும் பழைய உறவு இன்னும் உயிரோடு இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் அடித்தபோது கொழும்பில் நின்ற இந்தியக் கப்பல்கள் உடனே நிவாரணத்தில் இறங்கின. அமெரிக்க விமானங்களும் ஜப்பானிய மருத்துவக் குழுவும் வந்தன. பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் உடைந்த இடத்துக்கு இந்திய இராணுவப் பொறியியலாளர்கள் 120 அடி இரும்புப் பாலம் போட்டார்கள். 2004இல் வன்னிக்கு நேராக வராத உதவி இந்தமுறை வந்தது, அதை மறைக்காமல் சொல்லவேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி: இலங்கை சேரவேண்டுமா? குவாட்டுக்குப் புது உறுப்பினர் சேர்க்கும் நடைமுறையே இல்லை. இலங்கை இருக்கும் வட்டம் கொழும்பு பாதுகாப்பு மாநாடு. இந்தியா, இலங்கை, மாலைதீவு மூன்றும் தொடங்கின, பிறகு மொரீஷியஸும் பங்களாதேஷும் சேர்ந்தன, 2024 ஆகஸ்ட்டில் பங்களாதேஷ் தவிர்ந்த மற்ற நான்கும் சாசனத்தில் கையெழுத்திட்டன. அதைத் தாண்டி ஒரு பக்கம் சாய இலங்கைக்கு வசதியில்லை. கடன் மறுசீரமைப்பில் இந்தியாவும் ஜப்பானும் பிரான்சோடு சேர்ந்து கடன்காரர் குழுவுக்குத் தலைமை தாங்கின. 2024 ஜூன் 26இல் அந்தக் குழுவோடு உடன்பாடு, அதே நாளில் சீன எக்சிம் வங்கியோடும் உடன்பாடு. 2022 ஆகஸ்ட்டில் சீனாவின் யுவான் வாங் 5 என்ற ஆய்வுக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்த பிரச்சினைக்குப் பிறகு, 2024இல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்கள் எல்லாவற்றையும் ஒரு வருடம் நிறுத்தி வைத்ததும் இதே நெருக்கடியால்தான். கொழும்பு இப்படி நடுவில் நிற்பது சரிதான் என்பது என் கருத்து.

ஆனால் கொழும்பு பாதுகாப்பு மாநாட்டின் முதல் தூணே கடல்சார் பாதுகாப்பு. அதன் கூட்டங்களுக்குப் போகும் இலங்கைக் குழுவில் மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சிச் சமாசங்களிலிருந்து ஒருவராவது ஆலோசகராக இருக்கவேண்டும் என்று உங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் எழுத்தில் கேளுங்கள். அதே கடிதத்தின் பிரதியை நான்கு தூதரகங்களுக்கும் போடுங்கள், பொடியள் எடுத்த படகுப் படங்களையும் இடக்குறிப்புகளையும் திகதி வாரியாக அடுக்கி அதோடு இணையுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள், சேர்ந்து எழுதுவோம்.